டேலியாவுக்கு ஒரு நிழல்

கச்சிராயபாளையம் சாலையில் பஸ் சத்தமே இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு நடக்கும் மறியலுக்காக வெட்டிச் சாய்த்த புளியமரம் சாலையின் குறுக்கே கிடக்கிறது. வெட்டியவர்களில் தெய்வசிகாமணியும் ஒருவன். மரம் நின்ற இடம் இப்போது வெறும் வானம். அதன் வழியாக நாலு மணி வெயில் தடையில்லாமல் இறங்கி, அவன் வீட்டு வாசலில் மனைவி தனபாக்கியம் வளர்க்கும் டேலியாப் பூச்செடியின் மேல் விழுகிறது. கல்வராயன் மலையிலிருந்து அவள் மடியில் கட்டிக்கொண்டு வந்த கிழங்கிலிருந்து முளைத்தது. இலைகள் துவண்டு தொங்குகின்றன. உச்சியில் ஒரே ஒரு மொட்டு மட்டும் நிமிர்ந்து, நுனியில் சிவப்புக் காட்டுகிறது. காலையில் அவள் நிழலுக்காக ஊன்றிய புளியங்கிளை, இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கிறது. தெய்வசிகாமணி தண்ணீர்க் குடத்தோடு வேகமாக வருகிறான்.

“ஊத்தாதீங்க! இந்த வெயில்ல ஊத்தினா கிழங்கு வெந்துபூடும்.” மரம் விழுந்த பிறகு அவள் அவனிடம் பேசும் முதல் பேச்சு.

“பின்ன இன்னாதாம்மே செய்யச் சொல்ற?”

“அப்பிடி மேக்கால நில்லுங்க.”

குடத்தை இறக்கிவைத்துவிட்டு நகர்ந்து நிற்கிறான். அவன் நிழல் செடியை மொட்டோடு மூடிக்கொள்கிறது. தனபாக்கியம் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். அவன் காலடியில் மண்ணைக் கீறி, சீக்கிரம் உயர்ந்துவிடுகிற அகத்தியின் விதைகளை ஒவ்வொன்றாகப் போடுகிறாள்.

“இது வளர்ற வரிக்கும் நானே நிக்கணுமா?”

“மரத்த வெட்டனவருதான் நிக்கணும்.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

அவன் தோள்களை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துக்கொள்கிறான்.