பத்து நாள் அவகாசம்

'இப்போதே மேம்படுத்தவா?'

திரையில் இரண்டு பொத்தான்கள். ஆம். பிறகு.

ஒரு வாரமாகப் 'பிறகு'வையே அமுக்கி ஓட்டிவிட்டாள். இன்று அந்தப் பருப்பு வேகாது.

எட்டு மணிக்குள் பதிவு செய்யாவிட்டால் அவளுடைய ஐந்து பேர் அணிக்கு மாநிலக் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டியில் இடமில்லை. பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டரைச் சேர்க்க மாட்டோம் என்று போட்டி நடத்துகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

மணி ஆறு பத்து.

புதியது வந்தால் ஒரே ஒரு சாமான்தான் செத்துப்போகும். எப்போதும் மேஜையோரம் கிடக்கும் ஜாய்ஸ்டிக். ஒற்றைக் கையால் ஆடுகிறவர்களுக்காகச் செய்தது. செய்த கம்பெனியை இழுத்து மூடி நாளாகிறது. பழைய சிஸ்டத்துக்கு மட்டும்தான் அது கட்டுப்படும். அதைப் போல இன்னொன்று தேடி அலுத்தாயிற்று.

அது தம்பி ரூபனுடையது.

மூன்று வருடத்துக்கு முன் ஸ்கூட்டரை ஓட்டியவள் அவள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன்.

அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு.

அவனுக்கு வலது கை.

ஒரு தடவைகூட அவன் சொல்லிக் காட்டியதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை.

"இன்னுமா அமுக்கல?" அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தான். "தோத்துருவோம்னு பயந்துட்டியாக்கா?"

"உன் கார் ரேஸ் ஓடாதுடா."

"அத விட்டு எத்தனையோ நாளாச்சு. சின்னப்புள்ள வெளாட்டு. சும்மா போடு."

அப்பாடா. நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஒரு உறுதிக்காகத்தான் விளையாட்டுப் பட்டியலைத் திறந்தாள்.

கார் ரேஸ். கடைசியாக ஆடியது: இன்று, காலை 11.20.

அவள் ஆபீசில் இருந்த நேரம்.

சட்டென்று மேஜையோரம் பார்த்தாள். ஜாய்ஸ்டிக் இல்லை.

குனிந்தாள். காலடியில் அட்டைப் பெட்டி. உள்ளே இருந்தது. ஒயரை ஒழுங்காகச் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட்.

ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றியிருந்தான். ஒற்றைக் கையால்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே மூட்டை கட்டி வைத்திருக்கிறான்.

போன் அதிர்ந்தது. அணியின் மற்ற நான்கு பேரும் மாற்றி மாற்றி. முடிஞ்சுதா? முடிஞ்சுதா?

மணி ஆறரை.

பட்டியலை மூடினாள். பார்க்காத மாதிரி.

அப்போதுதான் கண்ணில் பட்டது. திரையின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி. வேண்டுமானால் பத்து நாட்களுக்குள் பழையதற்கே திரும்பலாம்.

அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆம்.

ஒரு சதவீதம். இரண்டு.

"டேய், பத்து நாளைக்குத்தான்! அதுக்குள்ள பழையபடி மாத்தித் தந்துருவேன். சத்தியமா."



"ஃபைனல்ஸ் பன்னெண்டாவது நாள்தானேக்கா?" என்றான்.

குத்தல் இல்லை. கோபம் இல்லை. நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

அவள் நாட்களை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

நான்கு சதவீதம். தயவுசெய்து கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்றது திரை.

அவள் அணைக்கவில்லை.