காயாத தோல்

"என்னங்க, இன்னைக்கும் காயலையா?"

மேளத்தின் மேல் இழுத்துக் கட்டியிருந்த எருமைத்தோலை மனைவி நகத்தால் சுண்டினாள். 'டங்' என்று கேட்க வேண்டியது 'தொப்' என்றது.

"மூணு நாள்ல காயற தோலு. இன்னையோட ஏழு நாளாச்சு!"

"கிழட்டு எருமை. தோல் தடிமன்," என்றான் மேளம் கட்டுகிறவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"உயிரோட இருந்தப்பகூட இவ்வளவு அடம் பிடிச்சிருக்காது. இந்த வீட்டுக்கு வந்துதான் கத்துக்கிச்சு போல."

அவன் சிரிக்கவில்லை. அவளும்தான். இருவருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. பதினோரு வருடம் ஒரே பட்டறையில் தோலோடு தோலாக ஒருவர் குற்றத்தை ஒருவர் சுரண்டியது போதும் என்று போன மாதமே பேசி முடித்தாகிவிட்டது. இசைப்பள்ளிக்கு ஒப்புக்கொண்ட இந்த ஒரு மேளத்தை முடித்துக் கொடுத்ததும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வரமாட்டாள். பெட்டி கதவோரம் தயாராக நின்றது.

"அக்கா ரெண்டு தடவை போன் பண்ணிட்டா. என்ன பதில் சொல்ல?"

"காஞ்சதும் வர்றேன்னு சொல்லு."

"அடுப்புப் பக்கத்துல வச்சா?"

"வெடிச்சிரும். நிழல்லதான் காயணும். உனக்குத் தெரியாததா?"

அவள் பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மடியில் கிடந்த அவள் கைகளை அப்போதுதான் அவன் கவனித்தான். சாம்பல் தண்ணீரில் ஊறிய தோலில் மயிர் சுரண்டிச் சுரண்டி விரல் முட்டிகள் வெடித்திருந்தன.

"கொஞ்சம் எண்ணெய் தடவக் கூடாதா?"

"தடவுனா கத்தி வழுக்கும். நீங்கதான் திட்டுவீங்க."

அவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தினமும் விடியும் நேரத்தில், அவள் எழுந்திருப்பதற்குள், ஈரத்துணியால் தோலின் விளிம்பை ஓசைப்படாமல் துடைத்து வந்தவன் அவன்தான். விளிம்பைத் துடைத்தால் நடுவிலும் எப்படி இவ்வளவு ஊறுகிறது என்று அவனுக்கே ஆச்சரியம்.

போதும். இந்தக் கைகளை இன்னும் எத்தனை நாள் பிடித்து வைப்பது? போகட்டும். எங்கேயாவது நிம்மதியாக இருக்கட்டும். அன்றிரவு அவள் தூங்கியதும் அந்தத் துணியை எடுத்து அடுப்பில் போட்டான்.

அடுத்த இரண்டு விடியற்காலைகளிலும் விழிப்பு வந்தும் புரண்டு படுத்துக்கொண்டான். மூன்றாம் நாள், கால் நகராமல் நகர்ந்து பட்டறைக்குப் போனான். பெட்டியைப் பார்க்காமல் தோலைச் சுண்டினான்.

'தொப்'.

உள்ளங்கையை வைத்தான். நடுத்தோல் சில்லென்று இருந்தது.

"என்னங்க, இன்னும் காயலையா?"

திரும்பினான். அவள் வாசலில் நின்றாள்.

"கிழட்டு எருமைதானே," என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் அவள் மறைத்துப் பிடித்திருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.