பத்து எண்ணுவதற்குள்

வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு சமாசாரம் இருக்கிறது. ஆனால் இப்போதே இல்லை. முதலில் பூதம் சாகட்டும்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், அனிருத் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. மேலே பகடைகள், பென்சில், கட்டம் போட்ட தாள். ஆட்டத்தை நடத்துபவன் அனிருத். கதை சொல்வதும் பூதங்களை ஏவுவதும் அவன் வேலை. மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரர். முறை வந்ததும், தன் வீரர் என்ன செய்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அவ்வளவுதான் என்று பேர். ஒரே ஒரு பூதத்தை அடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஆளாளுக்கு யோசித்தார்கள். பஜ்ஜி தின்றுவிட்டு மறுபடியும் யோசித்தார்கள். பூதத்துக்கே கொட்டாவி வந்திருக்கும்.

அதனால் போன வாரம் அனிருத் சட்டம் போட்டான்.

“முறை வந்தா பத்து எண்ணுவோம். அதுக்குள்ள சொல்லி முடிக்கணும். இல்லைன்னா முறை போச்சு. மூணு முறை போச்சுன்னா ஆளே அவுட். வேற ஆளைச் சேர்த்துப்போம்.”

சட்டம் பிரமாதமாக வேலை செய்தது. சண்டை பறந்தது. “வில்லு, அம்பு, கண்ணு!” என்று மூன்றே வார்த்தையில் முடித்தாள் ஜோயா.

மாட்டிக்கொண்டது இசக்கிமுத்துதான். உஸ்மான் ரோடு பாத்திரக்கடைக்காரர் மகன். யோசனையில் அவனை மிஞ்ச அந்த மேஜையில் ஆள் கிடையாது. பேச்சுத்தான் திக்கும். முதல் சொல் தொண்டையை விட்டுக் கிளம்புவதற்குள் பத்து வந்துவிடும். போன ஞாயிறே இரண்டு முறை போய்விட்டது.

இன்று இன்னொன்று போனால் நாற்காலியும் போச்சு.

“சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்டா” என்றான் அனிருத், அவன் முகத்தைப் பார்க்காமல்.

“இன்னிக்கு நான் எண்ணறேன்” என்று முந்திக்கொண்டாள் மதுவந்தி. அவள் வாயில் அகப்படாத குரல் கிடையாது. தலைமையாசிரியர் குரலில் ஒன்பதாம் வகுப்புக்கு அரை நாள் லீவு விட்டவள்.

ஜோயாவின் முறைக்குக் கடிகாரம் மாதிரி எண்ணினாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” அம்பு பூதத்தின் தோளில் தைத்தது. ஆனாலும் பூதம் சாகவில்லை. மணி தொங்கும் கோபுர வாசலில் கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு நின்றது. அது அடித்தால் மூவரும் சட்னி.

“அனி, பன்னெண்டரைக்கு இலை போட்டாகணும். டேபிளைக் காலி பண்ணுங்கோடா!” என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

“இசக்கி, உன் முறை. எண்ணு மது.”

மதுவந்தி எழுந்தாள். தொண்டையைச் செருமினாள். இல்லாத சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

“ஒன்று...” சபா செயலாளர் வந்துவிட்டார். “ஒன்று என்று சொல்லும்போது, இந்த ஒன்றை மனமுவந்து வழங்கிய நல்லுள்ளங்களுக்கும், மைக் செட் அமைத்துத் தந்தவருக்கும், கேன்டீன் வாழைப்பூ வடைக்கும்...”

ஜோயா மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள்.

“நா... நா...” என்றான் இசக்கிமுத்து.

“ரெண்டேய்! படியில நிக்காத நைனா, உள்ள காலியாத்தானே கீது! ஏறு ஏறு ஏறு... ரெண்டு! ரைட்!”

“மது, ஒழுங்கா எண்ணு!”

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கடற்கரையிலிருந்து வரவேண்டிய எண் மூன்று, இன்னும் சற்று நேரத்தில்...”

அனிருத்துக்குக் காது சூடேறியது. ஜோயாவுக்கு ஒழுங்காக எண்ணியவள், திக்குகிறவன் வாயைத் திறந்தால் மட்டும் கூத்தடிக்கிறாளே!

கஸ்டமர் கேர் குரலில், நான்கு வேண்டுமானால் நான்கை அழுத்தச் சொன்னாள். ஐந்தைக் கீரைக்கட்டோடு தெருத்தெருவாகக் கூவினாள். ஆறையும் ஏழையும் கிரிக்கெட் வர்ணனையில் எல்லைக்கோடு வரை ஓடவிட்டாள். எட்டு, கணக்கு வாத்தியார். “நாலும் நாலும் எட்டு. புரியாதவா கையைத் தூக்குங்கோ. ஒருத்தருமே தூக்கலையா? அப்போ ஒருத்தருக்குமே புரியலை!” ஒன்பதை நாகஸ்வரத்தில் எடுத்து மேல் ஸ்தாயியில் கொண்டுபோய் நிறுத்தினாள். கன்னம் உப்பி, கண் பிதுங்கி நின்றாள்.

“நான் கோ... கோபுரத்து மணிக் கயித்த அறுத்து, பூதத்துத் தலையில விடுதேன்!”

மணி! அத்தனை நேரமாக அதன் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்த மணி. வேறு யாருக்கும் தோன்றவில்லை.

பகடை உருண்டது. மேஜை விளிம்பு வரை போய், தள்ளாடி, நின்றது.

இருபது. அந்தப் பகடையில் அதற்கு மேல் எண்ணே கிடையாது.

“டங்ங்ங்!” என்று அனிருத்தே கத்திவிட்டான். பூதம் காலி. ஜோயா நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். இசக்கிமுத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மேஜையை ஒரு சுற்று ஓடினான்.

கொண்டாட்டம் அடங்கியதும் அனிருத் மதுவந்தியிடம் திரும்பினான்.

“அடுத்த வாரத்துலேர்ந்து நான் எண்ணிக்கறேன். அடுத்தவன் கஷ்டம் உனக்குத் தமாஷா இருக்கு.”

மதுவந்தி குனிந்து பகடைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“வே... வேண்டாம். அவளே எண்ணட்டும்” என்றான் இசக்கிமுத்து.

“உன்னைத்தாண்டா கிண்டல் பண்ணினா! உறைக்கலையா உனக்கு? ஜோயா, வீடியோ எடுத்தியே, காட்டு. அவனே பார்க்கட்டும்.”

ஜோயா போனை நீட்டினாள். சபா செயலாளர் மறுபடி சால்வையைச் சரிசெய்தார். இசக்கிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான்.

அனிருத் சிரிக்கவில்லை. திரையின் அடியில் ஓடிய நிமிஷக் கணக்கையே பார்த்தான். சந்தேகமாக இருந்தது. முதலிலிருந்து இன்னொரு தடவை ஓடவிட்டான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். மதுவந்தி பகடை பொறுக்குவதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள்.

“அடிப்பாவி!” என்றான் அனிருத். “ஒன்பது எண்ண ஒண்ணேகால் நிமிஷமா?”