சிறுமலை உச்சியில் ஒரு சண்டை

பினாங்கில் இருக்கும் செலினுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் போனில் அவள் குரல் தேனாகவே ஒழுகியது. இப்போதெல்லாம் எல்லாருடைய போனும் இருமலையும் கரகரப்பையும் நீக்கிவிட்டுத்தான் குரலை அனுப்புகிறது. அழுதால்கூடத் தெரியாது. தங்கை "நல்லா இருக்கேன்க்கா" என்று சொல்வதை அமலோற்பவத்தால் நம்ப முடியவில்லை.

அதனால்தான் அக்கா தங்கை இருவரும் பரீட்சை எழுதி, குரலை உள்ளது உள்ளபடியே அனுப்பும் அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமம் வாங்கினார்கள்.

அறுபத்தோரு வயதில் சிறுமலை உச்சிக்கு ஏறி, மரக்கிளையில் ஏரியல் கம்பியைக் கட்டி, அமலோற்பவம் ஒரு மணி நேரம் கூப்பிட்டாள். இரைச்சலுக்கு நடுவே திடீரென்று ஒரு குரல் கரகரத்தது.

"யக்கா, கேக்குதா? ஓவர்."

அமலோற்பவத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னடி குரல் இது! தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரி இருக்கு. ஓவர்."

"நீ மட்டும் என்னவாம்? இப்பிடி மூச்சு இரைக்குது! இத்தன நாளா எங்கிட்ட மறைச்சியா? மாத்திரை போடுறியா இல்லையா? ஓவர்."

"மலையேறி வந்தா இரைக்காதா? நீதான்டி மறைச்ச!"

இருவரும் மூச்சுவிட நிறுத்தியபோது, புதிய குரல் ஒன்று தயங்கிக்கொண்டே நுழைந்தது.

"மன்னிக்கோணும் அம்மா, யாழ்ப்பாணத்தில இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன். இப்பிடிக் கரகரப்பும் இரைப்புமா மனுசக் குரல் கேட்டுக் கனகாலம். நிப்பாட்டாதேங்கோ, சண்டையைப் பிடியுங்கோ."

அமலோற்பவம் வாய்விட்டுச் சிரித்தாள். பாறையில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மறுபடி ஆரம்பித்தாள்.