மௌத்தானவரின் வாக்கு

தேர்தலன்று காலை அகதி முகாமுக்கு வந்த கட்சிக்காரன் ஜவ்பர், அங்கிருந்த மூத்தவர் ஒருவரிடம் வாக்காளர் அட்டையொன்றை நீட்டினான்.

"காக்கா, இந்த ஆள் சுனாமில மௌத்து, இப்ப உசிரோட இல்ல. பேரக் கேட்டா 'ஆதம்பாவா மீராசா' எண்டு சொல்லிப்போட்டு, எங்கட சின்னத்துக்குப் புள்ளடி போடுங்க."

அவர் அட்டையை இரண்டு தரம் வாசித்தார். வாக்குச்சாவடிக்குப் போய், விரலில் மையோடு திரும்பினார்.

"பயமா இருந்திச்சா காக்கா?"

"என்னத்துக்கு? பேரச் சொன்னதும் நம்பிட்டாங்க. பதினொரு மாசமா அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி, 'மீராசா நான்தான், நான் மௌத்தாகல்ல' எண்டு கத்துறன். அங்க ஒருத்தனும் நம்பல்ல."

ஜவ்பர் அவரது விரல் மையைப் பார்த்தான். "அப்ப... புள்ளடி எங்களுக்குத்தானே?"

"மௌத்தானாக்கள்தான் உங்களுக்குப் போடுவாங்க, தம்பி. நான் உசிரோட இருக்கன்."