முந்தும்போது ஏசி

முன்னால் போன டிப்பர் லாரி வழிவிடுகிற மாதிரி தெரியவில்லை.

சுண்ணாம்புக்கல் பாரத்தோடு அது அரியலூரைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் சின்னக் காரை ஓட்டிவந்த பரிமளா ஹாரனை விடாமல் அடித்தாள்.

பக்கத்து சீட்டில் அவள் புருஷன் அறிவரசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை பொறுக்க மனசு கேட்காமல் அவளே சாவியை எடுத்துவிட்டாள். கார் ஓட்டப் பழகியிருந்தாளே தவிர, மனுஷன் ஒருநாளாவது மெயின் ரோட்டில் ஓட்ட விட்டாரா? லைசென்ஸ் பீரோவில் பத்திரமாகத் தூங்கியது.

அவர் வேர்வையைப் பார்த்த பதற்றத்தில் ஏசியை முழுசாக வைத்திருந்தாள். மற்ற நாளென்றால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். பெட்ரோலைக் குடிக்கிறது என்பார். அவள் நச்சரித்த பிறகுதான் போடுவார், அப்படியொரு கஞ்சப் பிரபு. இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வளைவு தாண்டியதும் வண்டியை வலப்பக்கம் ஒடித்து, ஆக்ஸிலேட்டரை மிதிமிதியென்று மிதித்தாள்.

வண்டி முக்கியதே தவிர முன்னேறவில்லை. லாரியோடு ஒட்டிக்கொண்டே ஓடியது.

எதிரே ஒரு பஸ் விளக்கை அடித்துக்கொண்டு வந்தது. பின்வாங்கலாம் என்றால், அவள் விட்டுவந்த இடத்தை இன்னொரு டிப்பர் அடைத்துவிட்டது. சிறுவாச்சூர் ஆத்தாவை வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் அவர் கை நீண்டது. தடவித் தடவி வந்து ஏசியை அமர்த்தியது.

“இப்ப மிதி,” என்றார்.

கயிற்றை அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி வண்டி பாய்ந்தது. லாரியின் மூக்கை உரசாத குறையாக இடப்பக்கம் வந்து விழுந்தாள். பஸ் காரையே ஆட்டிவிட்டுக் கடந்து போனது.

பரிமளாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஏசி ஓடினால் இன்ஜினுக்கு இழுவை குறையும், முந்தும்போது அமர்த்திவிட வேண்டும் என்று இந்த மனுஷன் எத்தனை தடவை பாடம் எடுத்திருப்பார்! மண்டையில் ஏறினால்தானே. இனிமேல் அவரைக் கஞ்சன் என்று சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள் சூடு ஏறத் தொடங்கியது.

முந்தி முடித்ததும் அவரே திரும்ப ஏசியைப் போட்டுவிடுவார். என்னதான் சிக்கனம் பார்த்தாலும் அதை மட்டும் மறக்கமாட்டார். அவள் கேட்கவே வேண்டியதில்லை.

கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தாள். அந்தக் கை நீளவில்லை.

“ஏங்க, ஏசிய போடுங்க. எனக்கு வேர்க்குது.”

ரோட்டை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. தானே போட்டுக்கொள்ளவும் இல்லை. அவர் போடட்டும், அவர்தான் போடவேண்டும் என்று, அரியலூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தப் புழுக்கத்திலேயே ஓட்டினாள்.