டீச்சர் போட்ட கணக்கு

"என் பொண்ணு சேர்ந்து பத்து நாள் ஆச்சு. இதுவரைக்கும் நீங்க ஒரு கணக்குகூடப் போட்டுக் காட்டலையாம். பிள்ளைங்களையே போடச் சொல்றீங்களாம். அப்புறம் டியூஷனுக்கு எதுக்கு அனுப்பறோம்?"

வாசலிலேயே நின்று கேட்டாள் அந்த அம்மா. பக்கத்தில் தலையைக் குனிந்தபடி அவள் மகள்.

எது நடக்கக் கூடாது என்று டியூஷன் டீச்சர் பயந்துகொண்டிருந்தாளோ, அது நேராக வீட்டுக்கே வந்துவிட்டது.

அவள் படித்தது எட்டாவது வரைதான். முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாள். அதே பிள்ளைகள் வளர்ந்து ஒன்பதாவது வந்துவிட்டார்கள். "வேற இடம் பாருங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது.

அதனால் தினமும் யாராவது ஒருத்தியை எழுப்புவாள். "நீ போர்டுல போடு. மத்தவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு." விடை சரியா என்று மட்டும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பார்த்துக்கொள்வாள்.

"அவங்களே போட்டாத்தாங்க மனசுல நிக்கும்," என்றாள் இப்போது.

"நிக்கட்டும். எனக்காக நீங்க ஒண்ணு போடுங்க, பாக்கறேன்." மகளின் புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். "எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் பன்னிரண்டு. காரணிப்படுத்துக."

முன் பெஞ்சில் இருந்த வாயாடி எழுந்தாள். "டீச்சர், நான் போடட்டுமா?"

"நீ உக்காரும்மா. உங்க டீச்சர் போடட்டும்."

சாக்பீஸ் வியர்வையில் வழுக்கியது. பெருக்கினால் மைனஸ் பன்னிரண்டு வரணும், கூட்டினால் ஒன்று வரணும். வாயாடி நித்தம் கத்துவது காதில் கேட்டது. ஆறும் இரண்டுமா? கூட்டினால் ஒத்துவராது. நாலும் மூன்றும். மைனஸ் எந்த எண்ணுக்கு? நாலுக்குப் போட்டாள். மைனஸ் ஒன்று வந்தது. அவசரமாக உள்ளங்கையால் அழித்து மூன்றுக்கு மாற்றினாள்.

(x + 4)(x − 3).

திரும்பப் பெருக்கிப் பார்த்தாள். வந்துவிட்டது.

அந்த அம்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். குரல் இறங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். என் தங்கச்சி பொண்ணையும் நாளைக்கு அனுப்பறேன்."

மகளை உள்ளே விட்டுவிட்டுப் போனாள்.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்தாள். தப்பித்த மாதிரியே இல்லை. திருடிய மாதிரி இருந்தது.

"பிள்ளைங்களா, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எட்டாவதுக்கு மேல நான் படிச்சதே இல்ல. நீங்க போர்டுல போடறதப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். வீட்ல சொல்லி வேற டீச்சரப் பாத்துக்கங்க. என்னால உங்க படிப்பு கெடக் கூடாது."

வாயாடி பேனாவை மூடி வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"எங்களுக்கு எப்பவோ தெரியும் டீச்சர். அதான் உங்க முகத்துல தெளிவு வர்ற வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்றோம்."

பிறகு, புதிதாக வந்தவள் பக்கம் திரும்பினாள்.

"உன்கிட்டதான்டி சொல்ல விட்டுப்போச்சு."